பீரோவுக்குள் ஒரு டேப்லெட்

கீறல் விழுந்துவிடும் என்று பயந்து, பள்ளிக்கு வந்த டேப்லெட்டைத் தலைமையாசிரியர் பீரோவில் வைத்துப் பூட்டினார். ஆய்வு நாளில் மட்டும் வெளியே எடுப்பார்.

"பத்திரமா இருக்கே. அப்புறம் என்னடா முணுமுணுப்பு?" என்றது பூட்டு.

"இது சிறைண்ணே. நாலு பிள்ளைங்க சுத்தி உட்கார்ந்து என்னை வாசிக்கணும். அதுவரைக்கும் விடமாட்டேன்."

அடுத்த ஆய்வில் அதிகாரி தொட்டதும் டேப்லெட் பாடத்தைக் காட்டவில்லை. "கடைசியாகத் திறந்தது: சென்ற ஆண்டு ஆய்வு நாள்" என்று மட்டும் காட்டியது. எத்தனை முறை தொட்டும் அதுவே வந்தது. அதிகாரி தலைமையாசிரியரிடமிருந்து பீரோ சாவியை வாங்கி வகுப்பாசிரியையிடம் கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்துப் பூட்டு கேட்டது: "என்னடா, உடம்பெல்லாம் கீறல்?"

"பாடத்துல வினைச்சொல்லைத் தொடச் சொன்னா நாலு பிள்ளைங்க விரலும் ஒண்ணா பாயுதுண்ணே. காலையில சீக்கிரம் திற."