மற்றும் குழுவினர்

திரையில் அவளுடைய மேகம்.

நான்கு வருடம் அதோடுதான் விழித்தாள், அதோடுதான் படுத்தாள். விண்வெளியின் கறுப்புக்குள் ஒரு கறுப்புத் திட்டு. உள்ளே வாயுவும் தூசியும், எலும்பை உறையவைக்கும் குளிரும்.

பேராசிரியர் மேடையில் நின்று விளக்கினார். கனம் ஓர் அளவைத் தாண்டினால் மேகம் தன் பாரத்தையே தாங்காது. உள்ளே சரியும். நடுவில் நெருக்கம் கூடும், சூடேறும். அங்கே ஒரு விண்மீன் தொடங்கும்.

"இந்த மேகம் அந்த அளவைத் தாண்டிடுச்சு," என்றார்.

அரங்கு கைதட்டியது.

திரையின் அடியில் அவர் பெயர், கொட்டை எழுத்தில். பக்கத்தில் பொடி எழுத்தில்: மற்றும் குழுவினர்.

குழுவாம்! அவள் ஒருத்திதான் குழு. படங்களைப் பிரித்தது அவள். கணக்குப் போட்டது அவள். ஒரு பெயரைச் சொன்னால் வாயா வலித்துவிடும்?

கடைசி வரிசையில் உட்கார்ந்து அவளும் தட்டினாள்.

போன மாதம்தான் தன் தப்பைக் கண்டுபிடித்திருந்தாள். அது ஒரு மேகமே அல்ல. ஒன்று முன்னால், இன்னொன்று வெகுதூரம் பின்னால். ஒரே நேர்கோட்டில் நின்றதால் ஒன்றாகத் தெரிந்தன. இரண்டின் கனத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டாள். பிரித்துப் பார்த்தால் எதற்கும் விண்மீனாகும் கனமில்லை.

அன்றே அவருக்கு மெயில் அனுப்பினாள். நேரிலும் போய்ச் சொன்னாள்.

"இப்பப் போயி இதக் கெளப்பாதம்மா. உன் தீசிஸ்ல நான் கையெழுத்துப் போட வேணாமா?"

தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

முன்வரிசையில் ஓர் அம்மாள் எழுந்தார். வேறு ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவர்.

"சார், இது ஒரே மேகம்தானா? ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா ரெண்டு இருந்தா?"

பேராசிரியர் தண்ணீர் குடித்தார்.

திரையைப் பார்த்தார்.

பிறகு கண்ணை இடுக்கிக் கடைசி வரிசையில் தேடினார்.

"அந்தக் கணக்கு எங்க ஸ்டூடண்ட் போட்டது. திலகவதி. எந்திரிம்மா."

நான்கு வருடமாக வெறும் 'ஏம்மா'தான். பெயர் அவருக்குத் தெரிந்துதான் இருக்கிறது.

தலைகள் திரும்பின. மைக் கைமாறிக் கைமாறி அவளிடம் வந்தது. பேராசிரியர் அவளைப் பார்த்துச் சிரித்தார். கையெழுத்துப் போடப்போகிறவரின் சிரிப்பு.

அவள் எழுந்தாள்.

"கணக்கு நான் போட்டதுதான் மேடம். தப்புன்னு போன மாசம் ஏழாந்தேதியே சாருக்கு மெயில் அனுப்பிட்டேன். அதத் திரையில போடலாமா சார்?"

இந்த முறை யாரும் கைதட்டவில்லை.

அவளுடைய ஆய்வேடு, இன்னும் கையெழுத்து விழாமல், அவர் மேசை இழுப்பறையில் இருந்தது. சாவி அவர் சட்டைப்பையில்.