ஒன்பதாம் நம்பர் மலை

“இன்னொரு தடவை உங்க அம்மாகிட்ட கேட்டா, நாம வீட்டை விட்டே கிளம்ப மாட்டோம்,” என்றான் பிரதாப்.

ஆபீஸ் கேண்டீனில் எல்லோரும் சிரித்தார்கள். துஷாந்துக்குச் சிரிப்பு வரவில்லை.

விடிந்தால் பயணம். கினிகத்தேனையில் தொடங்கி, தேயிலை மலைகள் வழியாக நான்கு நாள் நடந்து, பூண்டுலோயாவில் முடிப்பதாகத் திட்டம். கொழும்பு ஆபீஸில் அவன் ஒருவன்தான் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அதனால் பொறுப்பு முழுவதும் அவன் தலையில் விழுந்திருந்தது.

சின்ன வயதில் செருப்பில்லாமல் ஓடிய மலைதான். இருந்தாலும் அட்டை ஏறாத காலுறைக்காகப் புறக்கோட்டையில் நாலு கடை ஏறி இறங்கியிருந்தான்.

தோட்டத்து லய வீட்டில் இருந்து இன்றும் கொழுந்து பறிக்கப் போகும் அம்மா லெட்சுமியோ ஒரு வாரமாகப் போனில் பயமுறுத்திக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் வழுக்குப் பாறை என்றாள். மறுநாள் சிறுத்தை என்றாள்.

“அம்மாவுக்கு எதுக்கெடுத்தாலும் பயம். நான் கொழும்புக்கு வர்றப்பவும் இப்படித்தான் அழுதாங்க,” என்று நண்பர்களிடம் அவனே சொல்லியிருக்கிறான்.

ஆனால் நேற்று அவள் சொன்னது அவனைத் தூங்க விடவில்லை. கடைசி நாள் பாதையில், வட்டகொடையைத் தாண்டி, அவன் வளர்ந்த தோட்டத்து ஒன்பதாம் நம்பர் மலையில் குளவிக் கூடு இருக்கிறதாம்.

கூட வரும் ஷாமிலாவுக்குக் குளவி ஆகாது. பள்ளிக்கூட வயதில் ஒரே ஒரு குளவி கொட்டி, மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்து பிழைத்தவள்.

“எனக்காக எதையும் மாத்தாதீங்க. நான் கவனமா வர்றேன்,” என்றாள் ஷாமிலா. சொல்லும்போதே அவள் முகம் வெளுத்துவிட்டது.

அவளுக்கு ஏதாவது ஆனால்? அந்த மலையில் ஆம்புலன்ஸ் ஏறாது என்பது துஷாந்துக்குத் தெரியும். அம்மாவுக்குப் போன் போட்டான்.

வெகு நேரம் அடித்த பிறகுதான் எடுத்தாள். குரல் சரியாகக் கேட்கவே இல்லை.

“அம்மா, உண்மையச் சொல்லுங்க. கூடு நிஜமாவே இருக்கா, இல்ல எங்கள நிறுத்துறதுக்காகச் சொல்றீங்களா?”

“இருக்குப்பா. பாறை இடுக்குல, பெருசா. முந்தாநேத்து கலைஞ்சு நம்ம லயத்துப் பேச்சியம்மாவக் கொட்டிருச்சு. இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கா. அந்தப் பக்கமே கால் வைக்காதீங்க.”

அவ்வளவுதான், துஷாந்த் போனை வைக்காமலே எல்லோரிடமும் முடிவைச் சொல்லிவிட்டான். வட்டகொடையோடு நடை முடிகிறது. அங்கிருந்து பூண்டுலோயாவுக்கு பஸ்.

ஷாமிலா தண்ணீர் எடுத்துக் குடித்தாள். கிண்டலடித்த பிரதாப்கூட, “அம்மாவுக்கு தேங்க்ஸ் சொல்லுடா,” என்றான்.

“ரூட்ட மாத்திட்டோம்மா,” என்றான் துஷாந்த். இப்போதுதான் அவனுக்குப் பேச்சு சரளமாக வந்தது. “நல்ல வேளை சொன்னீங்க. கூடு இருக்குன்னு தெரிஞ்சும் யாராவது அங்க போவாங்களா?”

“நல்லதுப்பா. பத்திரமா போயிட்டு வாங்க.”

“சரி, ஏன் இவ்வளவு மெதுவா பேசுறீங்க? ஒடம்புக்கு முடியலையா?”

“ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. சத்தம் போட்டா அதுக கலைஞ்சிரும்னு வேலை வாங்குற கண்டாக்கு ஐயா சொல்லியிருக்காரு. இந்த வாரம் பூரா எங்களுக்கு ஒம்பதாம் நம்பர்லதான் கொழுந்து.”