மஞ்சளான மூன்றாம் குளம்

மார்ச் பதினோராம் தேதி காலை ஏழு மணிக்குக் கழிவுநீர் நிலையத்தின் மூன்றாம் குளம் பச்சையாக இல்லை. மஞ்சளாக இருந்தது.

"பாசி சாகுது. மத்தியானத்துக்குள்ள காரணம் சொல்லும்மா. இல்லன்னா குளத்த மூடிடுவேன்," என்றார் தலைமைப் பொறியாளர்.

அவருக்குக் கீழே உதவிப் பொறியாளர் அவள்; மூன்று வருடங்களுக்கு முன் அந்தக் குளத்தைக் கட்டவைத்தவள். ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீரை மொண்டு முகர்ந்து பார்த்தாள்.

"செத்திருந்தா நாறும் சார். இது நாறல. காரணத்தோட வர்றேன்."

பால் ஆலையின் கழிவுநீர் மட்டும்தான் அந்தக் குளத்துக்கு வரும். அதிலுள்ள தழைச்சத்தையும் மணிச்சத்தையும் பாசி தின்று தீர்த்த பிறகே தண்ணீர் ஏரிக்குப் போகும். குளம் வந்த பிறகு ஏரியில் ஒரு மீன்கூடச் செத்து மிதக்கவில்லை.

"ஆலையில ஆசிட் கலந்து விட்டிருப்பாங்க. உங்கண்ணன்தானே அங்க மேனேஜர்? அதான் தயங்குறியா?"

"அண்ணனா இருந்தா என்ன சார்? ஆசிட் விட்டிருந்தா நானே கேஸ் எழுதுறேன்."

ஸ்கூட்டரை எடுத்தாள்.

அண்ணன் ஆலை வாசலிலேயே வழிமறித்து நின்றான். மூன்று வருடங்களுக்கு முன் அவள் குளத்துக்கு அனுமதி கேட்ட கூட்டத்தில், "பாசிய வழிச்சு எறிஞ்சுதான் பாத்திருக்கேன், வளக்கிறத இப்பத்தான் கேள்விப்படுறேன்," என்று எல்லாரையும் சிரிக்க வைத்தவன் அவன்தான்.

"என்னத்தக் கலந்து விடுற?"

"ஒண்ணும் கலக்கல."

"அப்ப பின்பக்கக் கதவத் திற."

"அங்க வேல நடக்குது. டீ குடிச்சிட்டுக் கெளம்பு."

"உன் டீயில என்ன கலந்திருக்கோ. நகருண்ணா."

அவன் நகரவில்லை. அவள் சுற்றிக்கொண்டு போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள்.

உள்ளே, அவளுடையதைப் போல இரண்டு மடங்கு நீளத்துக்கு ஒரு பாசிக்குளம். துடுப்புச் சக்கரம் சுழல, கரும்பச்சைத் தண்ணீர் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

அவள் குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளிப் பார்த்தாள்.

"எப்பக் கட்டின?"

"கட்டி ரெண்டு மாசம். தண்ணி விட்டுப் பத்து நாள்தான் ஆச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ சொன்னது சரின்னு என் வாயால வேற சொல்லணுமா?"

பன்னிரண்டு மணிக்கு அவள் அறிக்கை கொடுத்தாள். காரணம்: ஆலையிலிருந்து சுத்தமான தண்ணீர் வருவதால் பாசி பட்டினி. பரிந்துரை: மூன்றாம் குளத்தை மூடிவிடலாம்.