எழுபது நிமிட வீடியோ

பல்கலைக்கழக ஆலோசனை மையத்தில் நான் பயிற்சி உளவியலாளன். மாணவர்களோடு பேசும் ஐம்பது நிமிடத்தையும் வீடியோ எடுத்து, மேற்பார்வையாளர் லோர்னாவிடம் காட்ட வேண்டும்.

இந்த வார வீடியோ எழுபது நிமிடம் ஓடியது. ஐம்பதாவது நிமிடத்தில் மாணவன் கிளம்பினான். நானும் சாப்பிடப் போய்விட்டேன். ஆனால் திரையில் நான் எழுந்திருக்கவே இல்லை. காலி நாற்காலியைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

“எப்பவும் குறுக்கே பேசுவியே வெண்டெல், இங்க எவ்வளவு பொறுமையாக் கேக்குறே! இப்படியே கேட்டா உன்னைப் பாஸ் போட்டுடலாம்,” என்றார் லோர்னா. “ஆமா, யாரு அது?”

“தெரியலைங்க.”

திரையில் நான் டிஷ்யூப் பெட்டியைக் காலி நாற்காலிப் பக்கம் நகர்த்தினேன். “வியாழக்கிழமை பத்து மணிக்குப் பாப்போம்,” என்றேன்.

யாரென்று பார்க்க வியாழக்கிழமை முன்னதாகவே போனேன். என் நாற்காலியில் ஏற்கெனவே நான் உட்கார்ந்திருந்தேன். மற்ற நாற்காலிதான் காலி. நான் போய் அதில் உட்கார்ந்ததும் டிஷ்யூப் பெட்டி என் பக்கம் நகர்ந்து வந்தது.