பதினோரு நிமிஷம்

ரேஷன் கடைக்குப் போய்வர இருபது நிமிஷம். குணசுந்தரிக்கு முப்பத்தொன்று ஆகியிருந்தது.

சக்கரபாணி வாட்ச்சைப் பார்த்தார். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இருபத்தெட்டு வருஷம் டைம்கீப்பர். மூன்று நிமிஷம் லேட்டாக வந்த டிரைவரையே கீழே இறக்கிக் கேள்வி கேட்டவர்.

"பதினோரு நிமிஷம் ஜாஸ்தி ஆயிருக்கே?"

"நீங்க ரிடையராயி நாலு வருஷமாவுது. எனக்கு மெமோ குடுக்கப் போறீங்களா?"

பையைக் கீழே வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள் மனைவி.

இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. கடைக்குப் பக்கத்தில்தான் பொன்னி வீடு. பொன்னியிடம் வீடியோ போன் இருக்கிறது.

அவர் தன் பழைய சிநேகிதர் கண்டக்டர் அய்யனாரைப் பார்க்கச் சிதம்பரம் போகிற செவ்வாய்க்கிழமைகளில் இன்னும் எத்தனை நிமிஷமோ.

அடுப்படியில் தனியாக நிற்கும்போது அவள் உதடு அசைகிறது. இவர் தலை தெரிந்ததும் நின்றுவிடுகிறது.

யாரிடம் பேசுகிறாள்?

ஒருத்தியிடம் மட்டும் பேசக் கூடாது. மகள் தமிழ்ச்செல்வி. படிக்கப் போன எஸ்தோனியாவிலேயே அந்த ஊர்க்காரனைக் கட்டிக்கொண்டவள்.

அவளோடு குணசுந்தரி பேசினால் அந்த நிமிஷமே வீட்டை விட்டுப் போய்விடுவதாக, ஆறு வருஷத்துக்கு முன்பு மஞ்சக்குப்பம் தெருவே கேட்கச் சத்தியம் செய்திருந்தார்.

குளியலறையில் தண்ணீர் விழ ஆரம்பித்தது. ஐந்து நிமிஷம் கிடைக்கும்.

பீரோவில் ஒன்றுமில்லை. தலையணை உறையில் இல்லை.

துவரம்பருப்பு டின்னில் கையை விட்டார்.

நாலாக மடித்த காலண்டர் தாள். பின்பக்கம் அவளுடைய கோணல் எழுத்து.

எய்லெ - நேத்து.

தேனா - இன்னைக்கு.

ஹொம்மெ - நாளைக்கு.

அடியில், பேத்திப் பாப்பாவுக்குத் தமிழ் வரலை என்று ஒரு வரி.

சந்தேகமே இல்லை. எஸ்தோனியா பாஷை. ஏமாற்றியிருக்கிறாள்.

சக்கரபாணி தாளைச் சுவரில் வைத்துப் பிடித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

அவசரமாக எழுதி, மடித்து, பருப்புக்குள் புதைத்தார். சிதம்பரம் போய்ட்டு வரேன் என்று குளியலறைப் பக்கம் குரல் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

சாம்பாருக்குப் பருப்பு எடுக்கும்போது குணசுந்தரி அதைப் பார்த்தாள். நாலாவதாக ஒரு வார்த்தை, அவர் கையெழுத்தில்.

யூலெஹொம்மெ - நாளான்னைக்கு. அய்யனார் போன்ல பாப்பா சொல்லிக் குடுத்தது.

அதற்கும் கீழே:

மீனம்பாக்கம் ஏர்போர்ட், காலை 8.40-க்கு அவங்க பிளைட் வருது. லேட் ஆகக் கூடாது.