பக்கத்து இருக்கை

டாக்டர் கேட்டதெல்லாம் அவளைத்தான். பதில் சொன்னதெல்லாம் பக்கத்து நாற்காலியில் இருந்த கணவன்.

மாதவிலக்கு கடைசியாக எப்போது வந்தது என்றதற்கு, மூன்று மாதம் ஆகிறது என்றான். தூக்கம் எப்படி என்றதற்கு, அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறாள் என்றான். பசி எப்படி என்றதற்கும் அவனே தலையாட்டினான்.

நாள் தள்ளிப்போன முதல் வாரத்திலேயே சொந்தபந்தம் முழுக்கப் போன் போட்டுச் சொன்னவன் அவன். சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தபோது, டெஸ்ட் கிட்டின் மேல்தான் சந்தேகப்பட்டான்.

ஸ்கேனில் குறையில்லை. ரத்தத்திலும் இல்லை.

டாக்டர் அம்மாள் ரிப்போர்ட்டுகளை ஓரமாகத் தள்ளிவைத்தார். மனசு ஓயாமல் பதறிக்கொண்டிருந்தாலும் இப்படி நின்றுபோவது உண்டு என்றார். மூளை சொன்னால்தான் சினைப்பை வேலை செய்யும். மூளையே மிரண்டு கிடந்தால் அது யாருக்கு என்ன சொல்லும்? சமீபத்தில் புதிதாக ஏதாவது? வேலை மாற்றம், வீட்டில் சண்டை?

அப்படியெல்லாம் எதுவும் கிடையாது, நிம்மதியான குடும்பம் என்றான் கணவன்.

அவள் கைப்பையின் வாரை முறுக்கினாள். கார் ஓட்டுகிறேன் என்றாள் மெதுவாக. லைசென்ஸ் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியதுதான். கை பழகவில்லை. இப்போது தினமும் காலையில் பழகுகிறாள்.

இதற்கா, என்று டாக்டர் சிரித்தார்.

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. கிளட்சை விடுவதற்கு முன்னால் பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு கத்தல், விட்ட பிறகு ஒரு கத்தல். வாய் வலது என்னும், கை இடதைக் காட்டும். எந்தப் பக்கம் திருப்பினாலும் தப்பு. ஒருநாள், நிறுத்தி வைத்திருந்த காரிலேயே பிரேக் போடத் தெரியவில்லை என்று திட்டு விழுந்தது. ராத்திரி கண்ணை மூடினால் அந்தக் குரல்தான். தூங்குவதுபோல அசையாமல் கிடக்கிறாள். விடிந்தால் மறுபடியும் கார்.

டாக்டருக்கே கோபம் வந்துவிட்டது.

"புருஷன் இவ்வளவு அக்கறையா கூட்டிட்டு வந்திருக்காரு. அவர்கிட்ட சொன்னா அந்த ஆளை நாலு கேள்வி கேக்க மாட்டாரா? யாரும்மா அந்த வாத்தியார்?"

அவள் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள்.

அதுவரை எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவன், சுவரில் தொங்கிய கர்ப்பப்பைப் படத்தை, மறுநாள் பரீட்சை இருப்பவனைப் போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் அவன் கார் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் ஏறி உட்கார்ந்தாள். அவன் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கக் கதவில் கை வைத்தான்.

அவள் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள். குரலில் கோபமே இல்லை.

"நீங்க பஸ்ல வந்துடுங்க."

வாசலைத் தாண்டும்போது வண்டி ஒருமுறை குலுங்கி அணைந்தது. உள்ளே யாரும் கத்தவில்லை. மறுபடி கிளப்பிக்கொண்டு போனாள்.