ருசி பார்க்கும் வேலை

காலை ஆறே முக்காலுக்குப் பிரதீபன் மகள் தனுஷாவைப் பள்ளியில் இறக்கிவிடுவான். கேண்டீன் பவானி அக்கா ஒரு தட்டு மீகூன் நூடுல்ஸும் அவித்த முட்டையும் நீட்டுவார்.

“பிள்ளைங்களோட இலவசப் பசியாறல முதல்ல ஒரு பெற்றோர் ருசி பாக்கணும் தம்பி. ரூல் அப்படி லா. முழுசா சாப்பிடுங்க, அடியிலதான் உப்பு தங்கும்.”

சாப்பிட்டுவிட்டு, “சரியா இருக்குக்கா” என்பான். நாக்கில் எதுவும் தெரியாது. மனைவி சுமித்ரா இறந்த எட்டு மாதமாக இப்படித்தான். வீட்டில் மகளுக்கு மட்டும் சமைப்பான்.

அவனுக்கு மாக் மண்டின் ஊருக்கு வேலை மாற்றல் வந்தது. தலைமையாசிரியரைப் பார்த்தான்.

“சார், நாளையிலேருந்து ருசி பாக்க வேற பெற்றோரப் போடுங்க.”

“பெற்றோரா? அது ஆசிரியருங்க வேலையாச்சே.”

கேண்டீனுக்குத் திரும்பினான். அவனுடைய தட்டு மூடியிருந்தது.

“பிள்ளைங்க பங்குல கை வைக்கல தம்பி,” என்றார் பவானி அக்கா. “இது என் வீட்டுச் சமையல். ஆஸ்பத்திரியில சுமித்ரா கேட்டுக்கிட்டா.”

உட்கார்ந்து சாப்பிட்டான். உப்பு கொஞ்சம் கூடத்தான் இருந்தது.

“என்னக்கா சொன்னா?”

“‘தனுஷா பசிச்சா கேட்டுடுவாக்கா. அவரு கேக்கமாட்டாரு.’”